முதல் டெக்னிக்கல் டைவிங் கோர்ஸுக்குத் தயாராவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்புக்கு அப்பால், கடலுக்கடியில் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் எச்எம்எஸ் ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதைக் குண்டுவீசி மூழ்கடித்தன. 307 பேர் உயிரிழந்தார்கள். நம் பக்கத்து டைவர்கள் பலருக்கு அந்தக் கப்பலை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆனால் பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அதற்குக் கீழே முறையாகப் போக டெக்னிக்கல் டைவிங் படிக்க வேண்டும்.

40 மீட்டர் என்ற எண்ணைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. 45 மீட்டரில் 20 நிமிடம் இருந்துவிட்டால் நேராக மேலே வர முடியாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அதற்காக வழியில் பல ஆழங்களில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். இதைத்தான் டிகம்ப்ரஷன் என்கிறோம். நடுவில் மாஸ்க் உடைந்தாலும், மூச்சுக் கருவியான ரெகுலேட்டர் கெட்டாலும், பதற்றம் வந்தாலும், எல்லாவற்றையும் இருக்கும் ஆழத்திலேயே சரிசெய்தாக வேண்டும். கோர்ஸ் முழுக்க இதைத்தான் பழக்குகிறார்கள்.

ஆனால் கோர்ஸ் என்பது சில நாட்கள்தான். அந்த நாட்களில் புதிதாகக் கற்க வேண்டியதே ஏராளம். அசையாமல் மிதப்பதையும் அப்போதுதான் பழகுகிறீர்கள் என்றால் மற்ற எதுவும் மண்டையில் ஏறாது. கவனத்தில் பாதியாவது சும்மா இருக்கும் நிலையில் கோர்ஸுக்குள் நுழைய வேண்டும். தயாரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். நான்கைந்து மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

படி 1: எந்தக் கோர்ஸ் என்று முடிவு செய்யுங்கள்

டிடிஐ, பேடி, ஜியுஇ மூன்றும் டைவிங் பயிற்சி அமைப்புகள். டிடிஐ-யில் முதலில் இன்ட்ரோ டு டெக், அப்புறம் அட்வான்ஸ்டு நைட்ராக்ஸும் (நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று) டிகம்ப்ரஷன் புரொசீஜர்ஸும். பின்னவை இரண்டையும் பெரும்பாலும் சேர்த்தே நடத்துவார்கள். முடித்தால் 45 மீட்டர் வரை போகலாம். பேடியில் டெக் 40, டெக் 45, டெக் 50 என்று படிப்படியாகப் போகிறது. டெக் 40-இல் அதிகபட்சம் 10 நிமிட டிகம்ப்ரஷன்தான். ஜியுஇ-யில் ஃபண்டமென்டல்ஸ் முடித்த பிறகே டெக் 1.

என் கருத்து இது: இன்ட்ரோ டு டெக் அல்லது ஃபண்டமென்டல்ஸில் தொடங்குங்கள். இரண்டிலும் டிகம்ப்ரஷன் கிடையாது. ஆழம் குறைவு, உபகரணமும் திறமையும் மட்டுமே பாடம். செலவு கொஞ்சம் கூடும்தான், ஆனால் அடுத்த கோர்ஸில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும்.

டெக் 40-க்குக் குறைந்தபட்சம் 30 டைவ் பதிவாகியிருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், நைட்ராக்ஸும் டீப் டைவரும் முடித்திருக்க வேண்டும். 30 டைவ் என்பது வாசற்படி. 100 டைவ் பக்கம் போன பிறகு, அதிலும் நீரோட்டத்திலும் கலங்கல் தண்ணீரிலும் கொஞ்சம் பழகிய பிறகு போனால் கோர்ஸின் முழுப் பலனும் கிடைக்கும்.

படி 2: இன்ஸ்ட்ரக்டரைத் தேடுங்கள்

அமைப்பின் பெயரைவிட இன்ஸ்ட்ரக்டர் முக்கியம். போனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: சொல்லிக்கொடுப்பதற்கு வெளியே நீங்களாக டெக்னிக்கல் டைவ் போகிறீர்களா? ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? தண்ணீருக்குள் மொத்தம் எத்தனை மணி நேரம்? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? பக்கத்து டிகம்ப்ரஷன் சேம்பர் (ஏறும்போது பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை) எங்கே, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?

கடைசியாக ஒரு கேள்வி: சரியாகச் செய்யாதவர்களை என்ன செய்வீர்கள்? "எல்லாரும் பாஸ்தான், கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். "இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பியிருக்கேன்" என்று சொல்பவரிடம் தைரியமாகப் பணம் கட்டலாம்.

ஹீலியம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஆழம் கூடக் கூட நாம் இழுக்கும் காற்று அடர்த்தியாகிறது. அடர்ந்த காற்றை மூச்சாக இழுத்துவிடும்போது கார்பன் டை ஆக்சைடு உடம்பில் தங்குகிறது. மயக்கமும் பதற்றமும் சேர்ந்து வரும். லிட்டருக்கு 5.2 கிராம் வரை நல்லது, 6.2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு. சாதாரணக் காற்று 30 மீட்டரை ஒட்டி முதல் அளவையும், 40 மீட்டரை ஒட்டி இரண்டாவதையும் தொட்டுவிடுகிறது. 45 மீட்டர் வரை காற்றிலேயே போகும் கோர்ஸ்கள் இன்னும் இருக்கின்றன. ஹெர்மிஸ் போன்ற இடத்தை மனதில் வைத்திருப்பவர் அடர்த்தியைக் குறைக்க ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் கோர்ஸையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

படி 3: உடம்பு

டைவிங் மருத்துவக் கேள்வித்தாளை உண்மையாக நிரப்புங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, சர்க்கரை, வலிப்பு எதுவாக இருந்தாலும் டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் அடுத்த வேலை. பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே மூடாத ஒரு சிறு திறப்பு இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் தொந்தரவில்லை. ஆனால் டைவ் திட்டத்தை மீறாமலே யாருக்காவது டிகம்ப்ரஷன் நோய் (கரைந்த நைட்ரஜன் உடம்பில் குமிழியாவதால் வருவது) வந்திருந்தால், டெக்னிக்கல் பக்கம் போகும் முன் இதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு மூன்று நாள் நீச்சல், கொஞ்சம் கால் பயிற்சி போதும். முழுசாக நிரப்பிய 12 லிட்டர் இரட்டை ஸ்டீல் சிலிண்டர் 35 கிலோவைத் தாண்டும். அதை முதுகில் வைத்துக்கொண்டு ஆடும் படகில் எழுந்து நிற்க வேண்டும். தோள்பட்டையை மட்டும் மறக்காதீர்கள். பின்னங்கழுத்துக்குப் பின்னால் இருக்கும் வால்வுகளைக் கையால் எட்டித் திருப்ப வேண்டும். இறுகிய தோளை ஒரே வாரத்தில் இளக்க முடியாது. கையை உயர்த்தி முழங்கையை மடக்கி முதுகுத்தண்டைத் தொடும் நீட்சியைத் தினமும் செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து ஆழ வரம்பைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவும் 30, 40 மீட்டரோடு நின்றுவிடும். டான் போன்ற டைவிங் காப்பீடு எடுப்பவர்களும் டிகம்ப்ரஷன் டைவ் அதில் அடங்குமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: தண்ணீரில் பழக வேண்டியவை

உங்கள் நேரத்தில் முக்கால்வாசி இங்கேதான் போக வேண்டும்.

முதலில் எடை. சிலிண்டரில் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று, ஏறக்குறைய 2.9 கிலோ. டைவ் முடிவதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும், நீங்கள் அவ்வளவு லேசாகிவிடுவீர்கள். இரட்டைச் சிலிண்டரில் இது 6 கிலோவை நெருங்குகிறது. ஆகவே எடையை டைவின் கடைசியில் பாருங்கள்: 50 பார் மிச்சம் இருக்கும்போது, மிதவைச் சட்டையான பிசிடியில் காற்றே இல்லாமல், 3 மீட்டரில் நிற்க முடிகிறதா? முடிந்தால் எடை சரி. அதற்கு மேல் ஒரு கிலோ கூட வேண்டாம். கூடுதல் எடைக்காகப் பிசிடியில் அடைக்கும் காற்று ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்திலும் விரிந்து உங்களைத் தூக்கும்.

அடுத்தது உடம்பின் நிலை. தரைக்கு இணையாக, முழங்கால் மடங்கி, ஃபின்கள் மேலே, தலை நிமிர்ந்து. 6 மீட்டரில் இப்படி நின்று, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, ஃபினை அசைக்காமல் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். கால்கள் தானாக இறங்கினால் எடை தவறான இடத்தில் இருக்கிறது. பெல்ட்டில் இருக்கும் எடையில் ஒன்றை சிலிண்டர் பட்டைக்கு மாற்றிப் பாருங்கள். நண்பரைக் கேமராவில் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நாம் நேராக இருப்பதாக நினைப்பதும் படத்தில் தெரிவதும் முதலில் ஒத்துப்போகவே போகாது.

கால் அசைவில் தவளையைப் போல உதைக்கும் ஃபிராக் கிக், நின்ற இடத்திலேயே திரும்பும் ஹெலிகாப்டர் டர்ன், பின்னால் போகும் பேக் கிக். மூன்றாவதுதான் எல்லோரையும் படுத்தும். நீச்சல் குளத்தில் சுவருக்கு எதிரே நின்று பழகினால் பின்னால் நகர்கிறோமா இல்லையா என்று உடனே தெரியும். குளம் ஆழம் குறைவு என்று ஒதுக்காதீர்கள். மேற்பரப்புக்கு அருகில்தான் ஒவ்வொரு மீட்டருக்கும் அழுத்தம் அதிக விகிதத்தில் மாறுகிறது. 3 மீட்டரில் அசையாமல் நிற்பவருக்கு 20 மீட்டர் எளிது.

இவை கைவந்த பிறகு ஒரு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கைக் கழற்றி ஒரு நிமிடம் இருந்து மறுபடி மாட்டுவது. நூல் சுற்றிய ஸ்பூலோடு எஸ்எம்பி பலூனை, அதாவது நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் பலூனை, மேலே விடுவது. ஆழம் அரை மீட்டருக்கு மேல் மாறக் கூடாது. பலூனில் காற்று ஊதும் அந்த ஒரு கணத்தில்தான் பலர் இரண்டு மீட்டர் மேலே போய்விடுகிறார்கள்: ஊதுவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பதால் வருவது அது. சின்ன மூச்சு போதும், மீதியைத் தண்ணீரின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். பலூன் ஏற ஏறத் தானாக விரியும்.

கடைசியாக, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பயனுள்ள பயிற்சி: ஒவ்வொரு டைவையும் நிறுத்தங்களோடு முடியுங்கள். 12 மீட்டரிலிருந்து கிளம்பி 9, 6, 3 மீட்டர் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம். கயிறு கிடையாது, பாறை கிடையாது, சுற்றிலும் நீலம் மட்டும். ஏற்றம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள், 6 மீட்டருக்கு மேலே வந்ததும் 3 மீட்டருக்குள். பார்ட்னரும் நீங்களும் ஒரே மட்டத்தில், ஒருவரையொருவர் பார்த்தபடி. இதை வெகு சாதாரணமாகச் செய்ய முடிந்தால் கோர்ஸில் பாதிக் கஷ்டம் குறைந்துவிட்டது.

படி 5: கருவிகள்

அவசரப்பட்டு வாங்காதீர்கள். இன்ஸ்ட்ரக்டரிடம் பட்டியல் கேட்டு, முதல் கோர்ஸுக்கு முடிந்ததை வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வாங்குவதென்றால் பேக்பிளேட்டும் (முதுகுத் தகடு) விங்கும் (அதோடு மாட்டும் மிதவைப் பை) முதலில். அவற்றை ஒற்றைச் சிலிண்டரிலேயே மாட்டிப் பழகலாம். அடுத்து பல கேஸ்களை (மூச்சுக்கான வாயுக் கலவைகளை) ஏற்கும் டைவ் கம்ப்யூட்டர்.

ரெகுலேட்டர் அமைப்பைக் கொஞ்சம் விளக்குகிறேன். இரட்டைச் சிலிண்டரின் வலது வால்விலிருந்து 2.1 மீட்டர் நீளக் குழாய் கிளம்பி, விங்கின் ஓரமாகக் கீழே இறங்கி, நெஞ்சைக் குறுக்கே கடந்து, இடது தோளின் மேலாகக் கழுத்தைச் சுற்றி வாய்க்கு வரும். இடது வால்வின் ரெகுலேட்டர் எலாஸ்டிக் கயிற்றில் தாடைக்குக் கீழே தொங்கும். பார்ட்னருக்குக் காற்று தீர்ந்தால் உங்கள் வாயில் இருப்பதையே கொடுக்கிறீர்கள், ஏனென்றால் அது வேலை செய்வது உறுதி. தாடைக்குக் கீழே இருப்பதை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். நீளக் குழாயை வலது வால்வில் மாட்டுவதற்கும் காரணம் உண்டு: மேலே எதிலாவது உரசியபடி முன்னே போகும்போது இடது வால்வு மூடும் திசையில் உருளும், வலது வால்வு திறக்கும் திசையில் உருளும். ஒவ்வொரு குழாயும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் வெப்பக் கடலுக்கே உரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. மெல்லிய வெட்சூட்டோடு கனமான ஸ்டீல் இரட்டைச் சிலிண்டர், அதோடு பக்கவாட்டில் மாட்டும் கூடுதல் ஸ்டேஜ் சிலிண்டர் எல்லாம் சேர்ந்தால் தேவைக்கு மேல் எடையாகிவிடும். விங் கிழிந்தால் நீந்தியே மேலே வர முடியுமா என்று இன்ஸ்ட்ரக்டரோடு கணக்குப் போடுங்கள். அலுமினியச் சிலிண்டரோ, சிலிண்டர்களை உடம்பின் பக்கவாட்டில் மாட்டும் சைட்மவுன்டோ பொருத்தமாக இருக்கலாம்.

படி 6: கணக்கு

பள்ளிக்கூடக் கணக்கைவிடக் கடினமாக எதுவும் இல்லை. ஆனால் பேப்பரும் பேனாவும் வைத்து முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

ஆழத்தை 10-ஆல் வகுத்து 1 கூட்டினால் அழுத்தம். 45 மீட்டரில் 5.5 பார். அடுத்து, உங்கள் மூச்சின் அளவு. 15 மீட்டரில் 10 நிமிடம் நிதானமாக நீந்துங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 30 பார் குறைந்தது என்று வைப்போம். 30-ஐ 12-ஆல் பெருக்கினால் 360 லிட்டர், நிமிடத்துக்கு 36, அங்கே அழுத்தம் 2.5 பார் என்பதால் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 14.4 லிட்டர். இதைப் பல டைவ்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். 15 என்று வைத்தால் 45 மீட்டரில் நிமிடத்துக்கு 82.5 லிட்டர் போகும். 20 நிமிடத்துக்கு 1,650 லிட்டர்.

இரட்டை 12 லிட்டரில் 200 பாருக்கு 4,800 லிட்டர் இருக்கிறதே, தாராளம்தானே என்று தோன்றும். இப்போது பார்ட்னரின் காற்று 45 மீட்டரில் மொத்தமாகத் தீர்ந்துவிட்டது என்று நினையுங்கள். இருவரும் பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுக்கிறீர்கள், இருவருக்கும் 60. நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம்: 330 லிட்டர். 21 மீட்டருக்கு ஏற 3 நிமிடம், சராசரி அழுத்தம் 4.3 பார்: 774 லிட்டர். அங்கே அடுத்த கேஸுக்கு மாற ஒரு நிமிடம்: 186 லிட்டர். மொத்தம் 1,290. இரட்டைச் சிலிண்டரின் 24 லிட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 54 பார். 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தமானி 60 பாரைத் தொடும்போது ஆழத்தில் இருக்கவே கூடாது. அந்த 60 பார் உங்களுடையது இல்லை, பார்ட்னருடையது.

டிகம்ப்ரஷன் கணக்கைக் கம்ப்யூட்டர் போடும். பெரும்பாலானவை பூல்மன் மாதிரி என்ற கணக்கு முறையை, எவ்வளவு எச்சரிக்கையாக ஏறுவது என்று அமைக்கும் கிரேடியன்ட் ஃபேக்டர் என்ற இரண்டு எண்களோடு பயன்படுத்துகின்றன. அந்த இரண்டு எண்களில் முதலாவது முதல் நிறுத்தம் எவ்வளவு ஆழத்தில் என்பதையும் (எண் குறைந்தால் ஆழம் கூடும்), இரண்டாவது மேலே வரும்போது உடம்பில் எவ்வளவு மிச்சம் அனுமதி என்பதையும் சொல்கின்றன. ஆழத்திலேயே நிறுத்தங்களைத் தொடங்குவது நல்லது என்று வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனை டைவிங் பிரிவு 52 மீட்டரில் 30 நிமிட டைவ்களை வைத்து இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டது. ஆழத்தில் நின்று ஏறிய 198 டைவ்களில் 11 பேருக்கு டிகம்ப்ரஷன் நோய். மேலே அதிகம் நின்ற 192-இல் 3 பேருக்கு. முதல் எண்ணை மிகக் குறைவாக வைக்கும் வழக்கம் இதனால் தளர்ந்தது. உங்கள் இன்ஸ்ட்ரக்டர் எந்த எண்களை வைக்கிறார், ஏன் என்று கேளுங்கள்.

படி 7: கேஸ் மாற்றுவதை மனதில் ஓட்டிப் பாருங்கள்

ஏறும் வழியில் 21 மீட்டரில் 50 சதவீத நைட்ராக்ஸுக்கோ, 6 மீட்டரில் சுத்த ஆக்சிஜனுக்கோ மாறினால் நைட்ரஜன் வேகமாக வெளியேறும். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) நிறுத்தங்களில் 1.6 பார் வரை ஏற்கத்தக்கது. அதே 50 சதவீதத்தைத் தவறி 45 மீட்டரில் சுவாசித்தால் 2.75 பார். எந்த அறிகுறியும் காட்டாமல் வலிப்பு வரலாம், வாயிலிருந்து ரெகுலேட்டர் விழலாம். டெக்னிக்கல் டைவர்களை மூழ்கடிக்கும் தவறு இது.

அதனால் இந்தச் சடங்கை நிலத்திலேயே பழகுங்கள். நிரப்பிய சிலிண்டரை நீங்களே அனலைசரில் சோதித்து, டேப்பில் சதவீதம், தேதி, அதிகபட்ச ஆழம் எழுதி ஒட்டுங்கள். சிலிண்டரின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 21. தண்ணீருக்குள் 21 மீட்டரில் நின்று, கம்ப்யூட்டரில் ஆழம் பார்த்து, சிலிண்டரின் எண்ணைப் பார்த்து, பார்ட்னருக்குக் காட்டுகிறீர்கள். வால்வைத் திறந்து, ரெகுலேட்டரை எடுத்து, குழாயைக் கையால் தடவிக்கொண்டே அந்தச் சிலிண்டரில்தான் போய் முடிகிறதா என்று உறுதி செய்கிறீர்கள். பார்ட்னர் தலையசைத்த பிறகே வாய்க்குப் போகிறது. இரண்டு மூச்சு இழுத்து, அழுத்தமானியின் முள் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்கிறீர்கள். கடைசியில்தான் கம்ப்யூட்டரில் மாற்றம். கண்ணை மூடி இந்த வரிசையைத் தடையில்லாமல் சொல்ல முடிய வேண்டும்.

படி 8: கோர்ஸ் வாரம்

முந்தின வாரமே தூக்கத்தைச் சரிசெய்யுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதுவை விடுங்கள். பாடப்புத்தகத்தை முடித்திருங்கள், ராத்திரி ஹோட்டல் அறையில் படிக்கலாம் என்று வைத்திருந்தால் தூக்கம்தான் போகும்.

முதல் நாள் ஆழம் குறைந்த இடத்தில் வால்வு பயிற்சி, காற்றுப் பகிர்வு, ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பொய்ச் சிக்கல்கள். மனசு சோர்ந்துபோகும், அது எல்லோருக்கும் நடப்பது. ஏதாவது கோளாறு வந்தால் முதலில் ஒரு மூச்சு, அப்புறம் ஆழம் பார்ப்பது, அதன் பிறகே கை. வேகமாகச் செய்து காட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணமே சொல்லாமல் டைவை நிறுத்தலாம் என்பது டெக்னிக்கல் டைவிங்கின் பழைய விதி. கோர்ஸிலும் அது உண்டு. காது சரியில்லை, மனசு ஒப்பவில்லை என்றால் கட்டை விரலை மேலே காட்டுங்கள். நல்ல இன்ஸ்ட்ரக்டர் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்.

தேர்ச்சிக் கார்டு இந்த முறை கிடைக்காமல் போகலாம். எதில் தடுமாறினீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதை மட்டும் பழகி, மறுபடி போங்கள். கிடைத்துவிட்டால், முதல் சில மாதங்கள் 40 மீட்டருக்குள், சில நிமிட டிகம்ப்ரஷனோடு, கோர்ஸில் கூடவே இருந்த பார்ட்னரோடு போவது நல்லது. மட்டக்களப்பில் கடல் அமைதியாக இருப்பது ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை; அவசரமில்லை.

டிக்கெட் போடும்போதே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: டிகம்ப்ரஷன் டைவ் முடித்து 24 மணி நேரமாவது கழியாமல் விமானம் ஏறக் கூடாது. கடல் கெட்டு ஒரு நாள் தள்ளிப்போவதும் சகஜம். கோர்ஸ் முடியும் தேதிக்குப் பிறகு இரண்டு நாள் காலியாக விட்டுத் திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள்.